பொலிஸ் புத்தகத்தில் ஊர்க்கணக்கு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு வாசிகசாலையில் உட்கார்ந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் பழக்கம். காணி, வீதி, உதவிப்பணம் என்றுதான் தொடங்கியது. இப்போது வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது எத்தனை முறைப்பாடு, எத்தனை குற்றம் என்ற பொலிஸ் கணக்கு. மாதர் சங்கத்துக்காரர், பத்திரிகைக்கு எழுதும் பொடியன்கள், ஆய்வு செய்யும் பல்கலைக்கழகப் பிள்ளைகள், மாடு தொலைத்தவர்கள், பிள்ளையின் வழக்கு என்னவானது என்று தெரியாத தாய்மார் எல்லாரும் வருகிறார்கள். சந்தேகம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

பொலிஸ்ட கணக்கெல்லாம் நமக்குத் தருவாங்களா? அது ரகசியம் இல்லையா?

தரத்தான் வேண்டும். 2015 இல் வந்த 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்பிலேயே சேர்த்தது. அடுத்த வருடம் 12ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பொலிஸ் திணைக்களமும் அந்தச் சட்டத்துக்குள் வருகிற ஒரு பகிரங்க அதிகாரசபைதான். வேறொரு சட்டம் குறுக்கே வந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

துப்புக் கொடுத்தவர் யார், நாளைக்கு எந்த வீட்டைச் சுற்றிவளைக்கப் போகிறார்கள், முறைப்பாடு செய்த பெண்ணின் பெயர் என்ன, இவையெல்லாம் ரகசியம். ‘எத்தனை’ என்பது ரகசியமல்ல. பாதிப் பிரச்சினை இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால் வருவது. கேட்கிறவர்களும் குழப்புகிறார்கள், தருகிறவர்களும் குழப்புகிறார்கள்.

கடிதம் கிடிதம் எழுதாம, போன்லயே பார்க்க ஏலாதா?

கொஞ்சம் பார்க்கலாம். இலங்கைப் பொலிஸின் இணையத்தளத்தில் குற்றப் புள்ளிவிபரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெருங்குற்றங்களின் சுருக்க அட்டவணைகள் ஆண்டுவாரியாக அங்கே கிடக்கும். திணைக்களம் பாராளுமன்றத்துக்குக் கொடுக்கும் வருடாந்தச் செயலாற்றுகை அறிக்கையிலும் குற்றக் கணக்கு வரும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆண்டுப் புள்ளிவிபரச் சுருக்கத்திலும் ஒரு அட்டவணை இருக்கும்.

சிறைக்குப் போனவர்களைப் பற்றி வேண்டுமானால் சிறைச்சாலைத் திணைக்களம் தனியாக ஒரு புள்ளிவிபர வெளியீடு போடுகிறது. வயது, கல்வி, மதம், குற்ற வகை என்று பிரித்திருக்கும். போதைப்பொருள் கைதுகளுக்கு தேசிய அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் கைநூலைப் பாருங்கள். சிறுவர் பற்றிய முறைப்பாடுகள் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையிடம் இருக்கும். 1929 என்ற தொலைபேசி இலக்கம் அவர்களுடையதுதான். முதலில் இவற்றைப் பார்த்துவிட்டு, இல்லாததை மட்டும் எழுதிக் கேளுங்கள். இணையத்தில் கிடப்பதைக் கேட்டு எழுதினால் இரண்டு மாதம் கழித்து அதே அட்டவணையின் போட்டோக்கொப்பி வரும். எனக்கு ஒரு தடவை வந்தது.

பெருங்குற்றம் எண்டா என்ன? எல்லாக் களவும் அதுக்குள்ள வருமா?

வராது. கொலை, கொலை முயற்சி, கடும் காயம், கத்திக்குத்து, ஆட்கடத்தல், பாலியல் வல்லுறவு, சிறுவர் மீதான கொடுமை, கொள்ளை, வீடுடைத்துத் திருட்டு, தீவைப்பு, கள்ள நோட்டு என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இருப்பதுதான் பெருங்குற்ற அட்டவணையில் ஏறும். மற்றதெல்லாம் சிறுகுற்றப் புத்தகத்தில் கிடக்கும். நீங்கள் கேட்டால் ஒழிய அந்த எண்களை யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள்.

சொத்துக் குற்றங்களுக்கு ஒரு பண எல்லை இருக்கிறது. பழைய அட்டவணைகளில் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட திருட்டு என்று இருக்கும். பிறகு அந்த எல்லை உயர்ந்தது. எல்லை உயர்ந்த வருடத்தில் திருட்டுக் குறைந்தது போலத் தெரியும். கள்ளன் திருந்தவில்லை, கோடுதான் மேலே போயிருக்கிறது. அட்டவணையின் இடப்பக்கத்து வரிசைத் தலைப்பை முழுதாக வாசியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. மாட்டுத் திருட்டும் சைக்கிள் திருட்டும் மற்றச் சொத்துத் திருட்டுகளோடு ஒரே வரிசையில்தான் வருகின்றன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலோ, பொத்துவில் பக்கமோ மாடு போவது ஒரு குடும்பத்தின் வருமானம் போவது. அட்டவணையில் அது கைச்சங்கிலிக் களவோடு சேர்ந்துவிடும். மாட்டுக்கணக்கு வேண்டுமென்றால் மாடு என்று தனியாக எழுதிக் கேட்கவேண்டும். இதேபோல், கொலை வரிசையில் தற்கொலைக்குத் தூண்டியதும் சேர்ந்து வந்த ஆண்டுகள் உண்டு. வீதி விபத்தில் செத்தவர்கள் இதற்குள் இல்லை. அது போக்குவரத்துப் பிரிவின் கணக்கு.

பாதிக்கப்பட்டவங்க எத்தன பேர், செஞ்சவங்க எத்தன பேர் எண்டு தனித்தனியா இரிக்கா?

வெளியே கிடக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் எண்ணுவது ஆட்களை அல்ல, சம்பவங்களை. கோயில் திருவிழாவில் ஒரு அடிபிடி என்று வையுங்கள். மூன்று பேருக்குக் காயம், அடித்தது எட்டுப் பேர். சம்பவம் 1, பாதிக்கப்பட்டவர் 3, சந்தேக நபர் 8. மாறாக, ஒரே ஆள் ஐந்து வீட்டை உடைத்தால் சம்பவம் 5, பாதிக்கப்பட்ட வீடு 5, ஆள் 1. இந்த மூன்று எண்ணில் எதை வைத்துப் பேசுகிறோம் என்று சொல்லாவிட்டால் பேச்சே பிழையாகிவிடும்.

பாதிக்கப்பட்டவரின் வயது, பால், செய்தவருக்கும் அவருக்கும் என்ன உறவு என்ற விபரங்கள் முறைப்பாட்டுப் புத்தகத்திலும் வழக்குக் கோவையிலும் இருக்கும். ஆனால் அவை எல்லாம் அட்டவணைக்கு ஏறுவதில்லை. பிள்ளைகள் மீதான துன்புறுத்தலில் செய்தவர் தெரிந்த ஆளா, உறவினரா, அந்நியரா என்ற கணக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அதைக் கேட்டு வந்தவர்கள் என் மேசையில் இதுவரை மூன்று பேர்தான்.

குற்றவாளி எண்டு போட்டிருந்தா அவன் தண்டிக்கப்பட்டவன் தானே?

இல்லை. பொலிஸ் கணக்கில் வருகிறவர் பெரும்பாலும் சந்தேக நபர். அட்டவணையை வலப்பக்கமாக வாசித்துக்கொண்டு போனால் ஒரு பயணம் தெரியும். பதிந்தது, விசாரித்து உண்மை என்று கண்டது, ஆளைக் கண்டுபிடித்தது, வழக்குப் போட்டது, தண்டனையோ விடுதலையோ கிடைத்தது, இன்னும் கிடப்பில் கிடப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் எண் சிறுத்துக்கொண்டே போகும்.

அந்தப் பயணத்துக்கு வருடக்கணக்கில் ஆகும். கொலை, வல்லுறவு போன்றவை நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, சட்டமா அதிபரின் குற்றப்பத்திரிகைக்காகக் காத்திருந்து, பிறகுதான் மட்டக்களப்பு, கல்முனை அல்லது அம்பாறை மேல் நீதிமன்றத்துக்குப் போகும். ஆகவே 2023 இல் பதிந்ததையும் 2023 இல் தண்டனை கிடைத்ததையும் பக்கத்தில் வைத்து நூற்றுவீதம் போடாதீர்கள். அந்தத் தண்டனைகளில் பல, பழைய வருடத்து வழக்குகளுக்கு உரியவை.

எங்கட ஊருக்கு மட்டும் தனியா எடுக்க ஏலுமா?

பொலிஸ் நிலையம் வரைக்கும் போகலாம். ஏறாவூர், வாழைச்சேனை, கொக்கட்டிச்சோலை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று நிலையத்தின் பெயரைப் போட்டே கேட்கலாம். அதற்குக் கீழே, கிராம சேவகர் பிரிவுக்குப் போகாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லைதான் சிக்கல். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள், அம்பாறையில் 20. பொலிஸ் எல்லை இவற்றோடு ஒட்டியே போகும் என்று இல்லை. ஒரு பிரதேச செயலகப் பிரிவை இரண்டு நிலையங்கள் பங்குபோடும் இடம் உண்டு. அதனால் சனத்தொகையை பிரதேச செயலகத்திலும் குற்றத்தை பொலிஸ் நிலையத்திலும் எடுத்து வகுத்தால் விடை சறுக்கும். நிலையத்துக்குள் அடங்கும் கிராம சேவகர் பிரிவுகளின் பட்டியலையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள். பிறகு மாவட்டச் செயலகத்துப் புள்ளிவிபரக் கிளையில் அந்தப் பிரிவுகளின் சனத்தொகையை வாங்கிக் கூட்டிக்கொள்ளலாம்.

சரி, எழுதிக் கேக்கிறது எப்பிடி?

தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்துக்கு ஆர்.டி.ஐ. 01 என்று ஒரு படிவம் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாளில் கடிதம் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சட்டத்தில் உண்டு. நடைமுறையில், எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குவதுதான் நல்லது. தகவல் அலுவலர் யார் என்று தெரியாவிட்டால் குழம்ப வேண்டாம். ஒருவரை நியமிக்காத இடத்தில் நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கொள்ளப்படுவார். முதல் நான்கு பக்கம் இலவசம், அதற்கு மேல் பக்கத்துக்குச் சொற்பக் காசு. மின்னஞ்சலில் வாங்கினால் காசில்லை.

வெற்றியும் தோல்வியும் எழுதும் விதத்தில்தான் இருக்கிறது. ‘எங்கள் பகுதியில் சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிய சகல தகவல்களும் தேவை’ என்று எழுதினால் ஒன்றும் வராது. நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘2019 ஜனவரி 1 தொடக்கம் 2023 டிசம்பர் 31 வரை உங்கள் நிலையத்தில் பதியப்பட்ட, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எதிரான குற்ற முறைப்பாடுகளின் எண்ணிக்கை. ஆண்டுவாரியாக, குற்ற வகை வாரியாக. பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, பால், வயதுத் தொகுதி. சந்தேக நபர்களின் எண்ணிக்கை, பால், வயதுத் தொகுதி. நீதிமன்றத்துக்குப் போனவை எத்தனை, தீர்ப்பு வந்தவை எத்தனை. பெயர், முகவரி, கிராமம், வழக்கு இலக்கம் எதுவும் தேவையில்லை.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தனிநபர் விபரம் என்று காரணம் காட்டி மறுக்கும் வழியை அந்த ஒரு வரி அடைத்துவிடும்.

உனக்கு ஏன் இது எண்டு ஓ.ஐ.சி. கேட்டா என்ன சொல்ற?

ஓ.ஐ.சி. என்கிற நிலையப் பொறுப்பதிகாரியே கேட்டாலும் காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. சண்டை பிடிக்காமல் மரியாதையாகச் சொல்லுங்கள்: ‘காரணம் கேட்கிற இடம் படிவத்தில் இல்லை, சேர்.’

கொடுத்து ரெண்டு மாசம், ஒரு பதிலுமில்ல. விட்டுட்டுப் போறதா?

விடாதீர்கள், நாளை எண்ணுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாளுக்குள் வரவேண்டும். தருவதென்றால் அடுத்த 14 நாளுக்குள் தகவல் கைக்கு வரவேண்டும். தகவல் பெரிதாக இருந்தால் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம், ஆனால் அதைக் காரணத்தோடு உங்களுக்கு அறிவிக்க வேண்டும். உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம்.

பதில் வராததும் மறுப்பும் ஒன்றுதான். மேன்முறையீட்டைக் கேட்பதற்கென்று இருக்கும் ‘குறித்தளிக்கப்பட்ட அலுவலர்’ என்பவருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று கிழமை. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். அதற்கும் மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. இங்கே தோற்கிற ஆட்கள் சட்டத்தால் தோற்பதில்லை, கலண்டரால் தோற்கிறார்கள். விண்ணப்பம் கொடுத்த அன்றே முடிவுத் திகதியைப் பிள்ளையின் கொப்பியிலாவது எழுதி வையுங்கள்.

பதில் வந்திருக்கு, ஆனா முழுக்கச் சிங்களம். என்ன செய்யிற?

இந்தக் கேள்விக்கு என் சொந்தக் கதையே இருக்கிறது. முதன்முதலாக நான் ஒரு நிலையத்துக்கு எழுதியபோது (பெயர் வேண்டாம்) மூன்று தாள் வந்தது. எண்கள் தெளிவாக இருந்தன. தலைப்புகள் மட்டும் கையெழுத்துச் சிங்களத்தில். பக்கத்துக் கடையில் இருந்த தம்பியைக் கொண்டு வாசித்தேன். அவன் ‘காணாமல்போன சொத்து’ என்று சொன்ன வரிசையை ‘காணாமல்போனவர்’ என்று நான் குறித்துவிட்டேன். ஒரு கிழமை அந்தப் பிழையான எண்ணை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் கவலைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். தமிழில் தொடர்பு கொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. ‘பதிலைத் தமிழில் தரவும்’ என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். எழுதியும் சிங்களத்தில் வந்தால் அதைக் காட்டியே மேன்முறையீடு செய்யலாம். பதிவேட்டின் பிரதி என்றால் மூலம் சிங்களத்தில்தான் இருக்கும். அப்போது வரிசைத் தலைப்புகளுக்கு மட்டுமாவது தமிழ் கேளுங்கள், அது அவர்களுக்கும் பெரிய வேலையல்ல.

‘நீர் கேட்ட மாதிரித் தகவல் எம்மிடம் இல்லை’ எண்டு எழுதிட்டாங்க. பொய் தானே?

பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. கையில் இருக்கும் தகவலைத் தருவதுதான் அவர்களின் கடமை. உங்களுக்காகப் புதிதாக ஒன்றைத் தயாரித்துத் தரச் சொல்ல முடியாது. வயதுவாரியாக யாரும் கூட்டி வைக்காவிட்டால் அந்த அட்டவணை உண்மையிலேயே இல்லை.

இப்படி வந்தால் நான் கேள்வியைத் திருப்பிப் போடுவேன். ‘இந்த வகைக் குற்றங்களுக்காக நீங்கள் மாதாமாதம் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கைகளின் பிரதிகளைத் தரவும். பெயர்களை மறைத்துத் தந்தால் போதும்.’ அறிக்கை அனுப்பாத நிலையம் கிடையாது. ஒரு ஆவணத்தில் மறைக்க வேண்டிய பகுதி இருந்தால் அதை மறைத்து மீதியைத் தரவேண்டும் என்று சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு. பிறகு கூட்டுவது நம் வேலை. நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவு இருந்தால் அவர்களிடம் தனிப் பதிவு இருக்கும், அதையும் கேளுங்கள்.

விசாரணைக்குப் பாதகம் எண்டு மறுத்தா?

குற்றத்தைத் தடுப்பதற்கோ கண்டுபிடிப்பதற்கோ, ஆளைப் பிடிப்பதற்கோ வழக்குத் தொடர்வதற்கோ கடும் பாதகம் வருமென்றால் மறுக்கலாம் என்பது 5ஆம் பிரிவில் இருக்கிறது. ‘கடும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்து மொத்த எண்ணிக்கையால் எந்த விசாரணை கெடும்? அதை விளக்குவது அவர்களின் பாரம். பொதுநலன் பெரிதென்றால் விலக்குக்குள் வரும் தகவலையும் தரவேண்டும் என்பதும் அதே பிரிவின் இன்னொரு வரி. மேன்முறையீட்டில் இரண்டையும் எழுதுங்கள்.

என்ட மகள்ட கேஸ் என்ன நிலையில இரிக்கி எண்டு இந்தச் சட்டத்துல கேக்கலாமா?

கேட்கலாம், ஆனால் உங்களுக்கு இதைவிட நேர்வழி இருக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் 2015 இல் வந்தது. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தை எடுத்திருக்கிறது. அதன்படி பாதிக்கப்பட்டவர் என்ற முறையிலேயே விசாரணையின் போக்கை அறியும் உரிமை உங்களுக்கு உண்டு. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கொண்டுபோங்கள். அந்த இலக்கம் இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம். முறைப்பாடு எழுதியதும் அதை உங்களுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த நேரத்திலேயே இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அம்மா.

மாப்பிள்ளப் பொடியனுக்கு கேஸ் கீஸ் இரிக்கா எண்டு பார்த்துச் சொல்வீங்களா?

மாதம் ஒருவராவது இதைக் கேட்டு வருகிறார்கள். சொல்ல முடியாது. அது இன்னொருவரின் தனிப்பட்ட தகவல். பொலிஸ் நற்சான்றை அவரவர்தான் தமக்கு எடுக்கலாம். வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகள் எடுக்கிறார்களே, அதுதான். மாப்பிள்ளையிடமே எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்கத் தயங்குகிற சம்பந்தத்தைப் பற்றி நான் என்ன சொல்ல.

வல்லுறவுக் கணக்கப் பார்த்தா நெஞ்சு பதறுது. அவ்வளவும் அப்பிடித்தானா?

1995 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது 16 வயதுக்குக் குறைந்த பெண் விஷயத்தில் அவளுடைய சம்மதம் கணக்கில் வராது என்று ஆனது. அதனால் வீட்டுக்குத் தெரியாமல் காதலனோடு போன 15 வயதுப் பிள்ளையின் சம்பவமும், ஒரு சிறுமியைப் பலாத்காரம் செய்ததும் ஒரே வரிசையில் ஏறும். 16க்குக் கீழ், 16க்கு மேல், சம்மதத்தோடு, சம்மதமின்றி என்று பொலிஸ் பிரித்துக் காட்டிய ஆண்டுகள் உண்டு. பிரித்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

இதைச் சொன்னதும் ‘அப்ப பாதி சும்மா கேஸ்’ என்று ஒருவர் சிரித்தார். அது சரியல்ல. பதினைந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவனுக்கு முப்பது வயதாகவும் இருக்கலாம். அதனால்தான் சந்தேக நபரின் வயதுத் தொகுதியையும் மேலே உள்ள மாதிரிக் கடிதத்தில் வைத்திருக்கிறேன்.

நம்மட பக்கம் எண்ணிக்க குறைவாத்தானே காட்டுது? நல்லம் தானே?

பொலிஸ் கணக்கு நடந்ததின் கணக்கல்ல, புத்தகத்தில் எழுதப்பட்டதின் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் நிறைய இருக்கிறது. படுவான்கரையில் ஒரு பெண் வயல் வேலையை விட்டு, பஸ் பிடித்து, சிலசமயம் ‘பாதை’ என்கிற மிதவையிலும் ஆறு கடந்து போகவேண்டும். போன இடத்தில் தமிழில் எழுதிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். ‘குடும்பப் பிரச்சினைதானே, பேசித் தீருங்கள்’ என்று திருப்பி அனுப்பாமல் இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள், பள்ளிவாசல், கோயில் நிர்வாகம், மத்தியஸ்த சபை என்று வேறு இடங்களில் தீர்ந்தவையும் பெருங்குற்ற அட்டவணைக்கு வராது.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நாடு முழுவதும் வீடு வீடாகப் பெண்களிடம் ஒரு ஆய்வு செய்தது. துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் வாழ்நாளில் அந்தத் துணையால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாக அதில் சொன்னார்கள். அந்த ஐந்தில் ஒன்றை பொலிஸ் அட்டவணையில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஆகவே ஒரு நிலையத்தில் முறைப்பாடு கூடினால், நல்ல பெண் அதிகாரி ஒருவர் வந்திருக்கிறார் என்றுகூட அர்த்தமாகலாம்.

போன வருசத்தோட ஒப்பிடலாமா? யுத்த காலத்தோட?

அடுத்தடுத்த வருடங்களை, வரிசைத் தலைப்பும் பண எல்லையும் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டு ஒப்பிடலாம். எண்ணிக்கையை அப்படியே வைக்காமல் இலட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றுங்கள். ஒரு பேச்சுக்கு, 60,000 பேர் உள்ள எல்லையில் 12, 30,000 பேர் உள்ள எல்லையில் 9 என்றால் முதலாவது இலட்சத்துக்கு 20, இரண்டாவது 30. கூடியது எது என்று இப்போது தெரிகிறதுதானே. எண் சின்னதாக இருந்தால் ஒரு வருடத்தை நம்பாமல் ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். 2019 ஐ எடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, 26 இல் சாய்ந்தமருதில். அந்த உயிர்களை எந்த வரிசையில், எப்படி எண்ணியிருக்கிறார்கள் என்று கேட்காமல் அந்த வருடத்தைக் கோட்டில் வைக்கக் கூடாது.

யுத்த காலத்தோடு ஒப்பிடாதீர்கள். 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் புலிகளிடம் விழுந்து, நூற்றுக்கணக்கான பொலிசார் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் படுகொலை, செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் படுகொலை. இவற்றை எந்த ஓ.ஐ.சி. எந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பார்? 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையில் இருந்தது. அங்கே வேறு பொலிஸ், வேறு நீதிமன்றம். அந்த வருடங்களின் மட்டக்களப்புக் கணக்கு, வாவிக்கு இந்தப் பக்கத்தின் கணக்குத்தான். காணாமலாக்கப்பட்டோரும் குற்ற அட்டவணையில் இல்லை. அவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த அலுவலகம் வேறு.

இதெல்லாம் ஆரு செய்யிற? எந்த இனம் எண்டு பிரிச்சு எடுக்க ஏலாதா?

மூன்று இனத்தாரும் மற்ற இரண்டைப் பற்றி என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். தன் இனத்தைப் பற்றிக் கேட்டவர் இன்னும் வரவில்லை.

சிறைச்சாலைப் புள்ளிவிபரத்தில் இனவாரிக் கணக்கு வரும். ஆனால் அது தண்டனை பெற்றுச் சிறைக்குள் அனுமதிக்கப்பட்டவர்களின் கணக்கு. அவர்களில் பெரும்பகுதி தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போனவர்கள். ஆக அது ஏழைகளின் கணக்கும்தான். அப்புறம், அடிப்படை எண் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. 2012 கணக்கெடுப்பில் மட்டக்களப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 72 தமிழர், 25 முஸ்லிம்கள். அம்பாறையில் ஏறத்தாழ 43 முஸ்லிம்கள், 39 சிங்களவர், 17 தமிழர். ஒரு நிலைய எல்லைக்குள் போனால் இது தலைகீழாகவும் இருக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் ‘கூட’, ‘குறைய’ என்று பேச முடியாது. இந்தப் பிரிப்பைக் கேட்டு நான் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதில்லை. உரிமை இல்லாததால் அல்ல. நீங்களே எழுதலாம், நான் எழுத மாட்டேன், அவ்வளவுதான்.

கிடைச்ச கணக்க ஃபேஸ்புக்ல போடலாமா?

நிலைய அளவில், வருடமும் வகையும் சொல்லிப் போடலாம். ஊர் அளவில் வேண்டாம் என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இதுதான். நூற்றைம்பது குடும்பம் உள்ள ஒரு ஊரின் பெயர், ‘1’ என்ற எண், ‘14 வயது, பெண்’. இதற்கு மேல் பெயர் எதற்கு? அந்த ஊருக்குள் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். எண் ஐந்துக்குக் கீழே இருந்தால் ‘ஐந்துக்குக் குறைவு’ என்று எழுதுவதும், வயதைத் தனியாகப் போடாமல் தொகுதியாகப் போடுவதும் என் வழக்கம்.

இது வெறும் நாகரிகம் மட்டுமல்ல. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் பிரசுரிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவில் குற்றம். பெயரைப் போடாமல் பாடசாலையின் பெயரையும் தகப்பனின் தொழிலையும் போட்டாலும் அதுதான்.

மகன் கனடாவில. அவன் அங்க இருந்து விண்ணப்பம் போடலாமா?

இலங்கைப் பிரஜை என்றால் போடலாம், இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தாலும் போடலாம். பிரஜாவுரிமையை விட்டுவிட்டார் என்றால் முடியாது, நீங்கள் போடுங்கள். வரும்போது அடையாள அட்டையையும், நிலையத்தின் பெயரையும், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்பதையும் கொண்டுவாருங்கள். பத்து மணிக்குப் பிறகு கூட்டமாகிவிடும்.